சம்பந்திகள் குஞ்சு வாங்கப் போன கதை

ஒரே வீட்டில் சம்பந்திகள் ரெண்டு பேர் இருந்தால் சண்டை வரும் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சண்டை வந்தால் தேவலையே! ஒரு நாள் கத்திவிட்டு, மறுநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த நாள் ஒரு டம்ளர் டீயை நீட்டினால் தீர்ந்தது கதை. இந்த வீட்டில் வந்தது மரியாதை. அதற்கு மருந்தே கிடையாது.

பெண்ணைக் கொடுத்தவள் இஸ்திரிக்காரம்மா. ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு, அந்தத் தெருவில் உள்ள அத்தனை பேர் சட்டையையும் தேய்த்துத்தான் ஒற்றை ஆளாக மகளை நர்சுக்குப் படிக்க வைத்தாள். திடீரென்று அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மேசையும் போச்சு, மேசைக்குப் பின்னால் அவள் குடியிருந்த அறையும் போச்சு. "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்று மகள் வீட்டுக்கு வந்தாள். பத்து நாள் ரெண்டு மாசம் ஆகியும், கொண்டு வந்த பையை அவள் இன்னும் பிரித்து அடுக்கவில்லை.

பையனைப் பெற்றவள் கண்டக்டரம்மா. காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவள். அவள் அடுப்படியில் ரகசியம் பேசினால் தெருக்கோடியில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். மகனை அதட்டுவாள், மருமகளை அதட்டுவாள், குழாய் ரிப்பேர் பண்ண வருகிறவனை அதட்டியே அரை மணி வேலையைக் கால் மணியில் முடிக்க வைப்பாள். மதில் மேல் வரும் பூனையைக் கூட "எறங்கு எறங்கு, எடம் இல்ல!" என்றுதான் விரட்டுவாள். அப்பேர்ப்பட்ட குரல், சம்பந்தியைக் கண்டால் மட்டும் பஞ்சில் சுற்றிக்கொண்டு வரும்.

"நீங்க உக்காருங்க சம்பந்தியம்மா. தட்டை அப்படியே வைங்க, நான் பார்த்துக்கிறேன்."

"இல்லைங்க, ஒரு தட்டுதானே, கழுவிட்டா ஆச்சு."

"ஐயையோ, நீங்க போய்த் தட்டுக் கழுவறதா? நல்லா இருக்கே!"

இந்த "நல்லா இருக்கே" இருக்கிறதே, அதைக் கேட்டதும் இஸ்திரிக்காரம்மா தட்டை வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவாள். அவள் யோசனை இப்படி ஓடும்: மரியாதை யாருக்குச் செய்வார்கள்? விருந்தாளிக்கு. விருந்தாளி என்றால் யார்? கிளம்ப வேண்டியவள். விருந்தும் மருந்தும் மூணு நாள் என்று தெரியாமலா சொல்லி வைத்தார்கள்?

சும்மா உட்கார்ந்து தின்றால் அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்காது. அதனால் தேய்த்தாள். சட்டை, புடவை எல்லாம் முடிந்து தலையணை உறை, அது முடிந்து கைப்பிடித் துணி என்று தேய்த்துக்கொண்டே போனவள், ஒரு நாள் காய்கறிப் பையையும் விடவில்லை. மருமகன் எலக்ட்ரீஷியன், கொஞ்சம் வாய்த்துடுக்கு. "அத்தை, பை கசங்கிடப் போகுதேன்னு வெங்காயத்தைக் கையிலயே தூக்கிட்டு வந்தேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு அறைக்குள் போய், இனித் தேய்க்க ஒன்றும் இல்லையே என்று கவலைப்பட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மாணவர் விடுதியிலிருந்து போன் வந்தது. சலவைக்கூடத்தில் துணி தேய்க்க ஆள் வேண்டும், தங்க அறை தருவார்கள். திங்கட்கிழமை காலையில் மறுபடி கூப்பிடுவோம், ஆமா இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். மகளிடம் மட்டும் சொன்னாள்.

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உனக்கு இங்க என்னம்மா குறை?"

"எனக்கென்ன குறை? உன் மாமியாருக்குத்தான் பாரமா இருக்கேன்."

"அவங்க சொன்னாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. அதான் பயமா இருக்கு."

மகள் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது, எழுந்து போனாள்.

சனிக்கிழமை சாப்பிடும்போது மருமகன் பேச்செடுத்தான். "பின்னாடி தோட்டம் சும்மாதானே கெடக்கு, நாலு கோழி வளர்த்தா என்ன? வீட்டு முட்டையோட ருசியே தனி." அம்மாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தான். "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் போய்ப் பார்த்து வாங்கிட்டு வாங்க. ரெண்டு விதமா விக்கிறாங்க. பொரிச்சு ஒரே நாள் ஆன 'ஒரு நாள் குஞ்சு' வாங்கினா, பல்பு சூட்டுல வெச்சு, றெக்கை முளைக்கிற வரைக்கும் கண்கொத்திப் பாம்பா பார்த்துக்கணும். முட்டைக்கு ஆறு மாசம் போல ஆகும். இல்லையா, வெடக்கோழி வாங்கிடலாம். வளர்ந்த கோழி, இந்தா அந்தான்னு முட்டை போடப் போற பருவம். தீனி போட்டாப் போதும், ஒரு வேலையும் கெடையாது. எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

இஸ்திரிக்காரம்மாவுக்கு மனசுக்குள் பல்பு எரிந்தது. ஒரு நாள் குஞ்சு! சூடு பார்க்க வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், எச்சம் அள்ள வேண்டும், பூனையை விரட்ட வேண்டும். ஆறு மாசம்! அத்தனை வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டிருக்கிறவளை யார் விருந்தாளி என்பார்கள்? குஞ்சு என்று முடிவானால் விடுதிக்கு முடியாது என்று சொல்லிவிடுவது. வெடக்கோழி என்றால், திங்கட்கிழமை ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது. இப்படி ஒரு முடிச்சைத் தானே போட்டுக்கொண்டுதான் அன்றைக்குப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தூறலாக இருந்தது. ரெண்டு பேரும் மூடி போட்ட ஒரு பெரிய கூடையோடு பஸ் ஏறினார்கள். ஒரு ஜன்னலோர இடம் காலியாக இருந்தது.

"நீங்க உக்காருங்க சம்பந்தியம்மா."

"ஐயோ, நீங்க உக்காருங்க. உங்களுக்கு முட்டி வலி."

"எனக்கென்னங்க, பஸ்ஸுலயே நின்னு வளர்ந்த காலு. நீங்க உக்காருங்க."

"உங்களை நிக்க வெச்சுட்டு நான் உக்கார்றதா?"

பின்னாலிருந்து ஒரு தாடிக்காரர் வந்தார். ரெண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார், உட்கார்ந்தார், தூங்கியும் போனார். சம்பந்திகள் வழி பூராவும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார்கள். தாடிக்காரரை ஒரு அதட்டு அதட்டக் கண்டக்டரம்மாவுக்கு நாக்கு துடித்தது. பக்கத்தில் சம்பந்தி இருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

குஞ்சுக்கடை ஒரு நீளமான தகரக் கொட்டகை. வெளியே ஈரக்காற்று சில்லென்று அடிக்க, உள்ளே வரிசையாகத் தொங்கிய பல்புகளால் கதகதவென்று இருந்தது. மரத்தூளும் தவிடும் எச்சமும் கலந்த ஒரு வாசனை. தடுப்புத் தடுப்பாகக் குஞ்சுகள், மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று. அத்தனையும் ஒரே நேரத்தில் கத்தியதில் கண்டக்டரம்மாவுக்கே குரல் எடுபடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சட்டைப்பையில் ஒரு குஞ்சு தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"இது ரொம்ப அழுவுது, அதான் கூடவே வெச்சிருக்கேன்" என்றார் அவர். "ஒரு நாள் குஞ்சா, வெடக்கோழியா?"

"சும்மா ரெண்டையும் பார்க்கிறோமே" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

"தாராளமா பாருங்க. எல்லாம் பெட்டைன்னு பிரிச்சு வெச்சதுதான். குஞ்சைக் கையில எடுத்துப் பார்த்துத்தான் வாங்கணும். கண்ணு பளிச்சுன்னு இருக்கணும். தொப்புள் காஞ்சிருக்கணும். பின்பக்கம் எச்சம் ஒட்டியிருந்தா வேண்டாம். மல்லாக்கப் போட்டா சட்டுன்னு புரண்டு எழுந்திருக்கணும். 'யாரு என்னைப் போட்டது'ன்னு கோவமாப் பார்க்கணும். கோவம் இருக்கிற குஞ்சுதான் பொழைக்கும்."

இஸ்திரிக்காரம்மா ஒன்றை எடுத்தாள். உள்ளங்கையில் ஒரு பிடி சூடு. எத்தனையோ வருஷமாகச் சூட்டோடு புழங்கிய கைதான், ஆனால் இப்படித் துடிக்கிற சூட்டை அது பிடித்ததில்லை. குஞ்சு அவள் கட்டைவிரல் இடுக்கில் மூக்கை நுழைத்து, அப்படியே கண்ணைச் சொருகித் தூங்கிவிட்டது. இது வேண்டும். இதோடு இன்னும் ஒரு டஜன் வேண்டும்!

நிமிர்ந்து சம்பந்தியைப் பார்த்தாள். அங்கேதான் தப்பு பண்ணினாள். பார்த்ததுமே மரியாதை வந்துவிட்டது. பாவம், அந்தம்மா வீடு. ராத்திரி பகலாகப் பல்பு எரியும், கத்தல் ஓயாது, அடுப்படி பூரா நாறும். ஒண்ட வந்தவள் வாயைத் திறந்து இதையெல்லாம் கேட்கலாமா?

"உங்களுக்கு எது வசதியோ, அதையே வாங்கலாங்க" என்றாள்.

கண்டக்டரம்மா கையிலும் ஒரு கறுப்புக் குஞ்சு இருந்தது. அதன் தலையை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை எடுத்தாள். "எனக்கென்னங்க? உங்களுக்கு எது சௌகரியமோ அதுதான். குஞ்சுன்னா உங்களுக்குத்தானே சிரமம்? ஓடி ஓடிப் பார்க்கணும்."

"எனக்குச் சிரமம் இல்லைங்க. உங்களுக்குத்தான் வீடு அசிங்கமாகும். வெடக்கோழின்னா தொந்தரவு இல்ல."

"வெடக்கோழிதான் உங்களுக்கும் நல்லதுன்னு படுதா?"

"உங்களுக்கு நல்லதுன்னா எனக்கும் நல்லதுதான்."

"அப்ப உங்களுக்குக் குஞ்சு மேல ஆசை இல்லையே?"

"ஐயோ, எனக்கெதுக்குங்க ஆசை? உங்களுக்கு இருக்குதா?"

"எனக்கா? சேச்சே!"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அம்மா, அடிச்சுப் பேரம் பேசறவங்களைப் பார்த்திருக்கேன். விட்டுக் கொடுத்தே என் கடையை மூட வைக்கிறவங்களை இப்பதான் பார்க்கிறேன். ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

"வெடக்கோழியே கொடுத்துடுங்க" என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ரெண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

நாலு வெடக்கோழியைப் பிடித்துக் கூடைக்குள் விட்டார் கடைக்காரர். நல்ல கோழிதான், குறை சொல்ல முடியாது. கொண்டை லேசாகச் சிவக்கத் தொடங்கியிருந்தது. இஸ்திரிக்காரம்மா கையிலிருந்த குஞ்சைத் தூக்கம் கலையாமல் பல்புக்குக் கீழே இறக்கி வைத்தாள். வைத்த இடத்தில் அது கண் விழித்துக் கத்தியது. அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் தூறல் மழையாகிவிட்டது. நிழற்குடைக்குள் பெஞ்சில் இவள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், நடுவில் கூடை. ஒரு கல்லூரிப் பெண்ணும் கண்ணாடி போட்ட ஒரு பெரியவரும் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். சம்பந்திகள் பக்கத்துக் கடையில் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டார்கள். பன் பஞ்சு மாதிரி இருந்தும் ரெண்டு பேருக்கும் இறங்கவில்லை. மழை தகரத்தில் கொட்டியது. கூடைக்குள்ளிருந்து ஒரு கோழி "கொர்ர்ர்" என்றது.

எப்படியும் சொல்லித்தானே ஆக வேண்டும், இப்போதே சொல்லிவிடுவோம் என்று இஸ்திரிக்காரம்மா ஆரம்பித்தாள். "சம்பந்தியம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. ஒரு விடுதியில தேய்க்கிற வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. தங்கவும் இடம் தர்றாங்களாம். நாளைக்குச் சரின்னு சொல்லிடலாம்னு இருக்கேன். இத்தனை நாள் என்னை வெச்சுப் பார்த்துக்கிட்டீங்க. உங்களுக்கு ரொம்ப..."

"கோழி?" என்றாள் கண்டக்டரம்மா.

"கோழிக்கு என்னங்க, தீனி போட்டாப் போதும்னு மாப்பிள்ளையே சொன்னாரே."

"அப்ப நான் என்ன எழவுக்குக் கோழி வாங்கினேன்?"

குரலைச் சுற்றியிருந்த பஞ்சு பிய்ந்துவிட்டது. அந்தக் குரலில் கல்லூரிப் பெண் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். பெரியவர் குடையை நழுவவிட்டார். பக்கத்துக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"நீங்கதானே வெடக்கோழி கேட்டீங்க..." என்றாள் இஸ்திரிக்காரம்மா.

"நானா கேட்டேன்? நீ கேட்டே, அதனால நான் கேட்டேன்! கோழி வளர்க்கலாம்னு அந்தப் பய வாயில போட்டதே நான்தான். குஞ்சை வாங்கி உன் தலையில கட்டிட்டா ஆறு மாசத்துக்கு நீ எங்கயும் நகர மாட்டே, அதுக்குள்ள வேற ஏதாவது வேலையைக் கட்டிடலாம்னு நான் ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்து திட்டம் போட்டா, நீ என்னடான்னா வெடக்கோழி, வெடக்கோழிங்கிறே! பெரிய வெடக்கோழி!"

"எனக்கும் குஞ்சுதாங்க வேணும்! உங்களுக்குத் தொந்தரவுன்னுதான்..."

"எனக்குத் தொந்தரவுன்னு உன்கிட்ட யாரு வந்து சொன்னா? அதுக ரெண்டும் காலையில வேலைக்குப் போயிட்டா அந்த வீட்டுல நான் யார்கிட்ட பேசறது? பூனைகிட்டயா? ஒரு நாளைக்கு ஆயிரம் பேர்கிட்ட கத்தினவ நான். வீட்டுல உக்கார்ந்ததுல இருந்து மத்தியானச் சோத்தைத் தனியாத் தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சு. நீ வந்த பொறவுதான் ஒரு வாய் ருசியா இறங்குது. இப்ப வேலைக்குப் போறாளாம், வேலைக்கு!"

"அப்புறம் ஏங்க என்னை ஒரு தட்டைக் கூடத் தொட விடல? விருந்தாளி மாதிரி வெச்சிருந்தா நான் என்னன்னு நெனைக்கிறது?"

கண்டக்டரம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் மட்டும் இறங்கவில்லை. "என் மவன்தான் சொன்னான். 'அம்மா, உன் வாய்க்கு அத்தை ரெண்டு நாள் தாங்க மாட்டாங்க, கொஞ்சம் அடக்கி வாசி'ன்னு. நீ ஓடிப்போயிடுவியோன்னு பயந்து ரெண்டு மாசமா அடக்கி வாசிச்சு வாசிச்சு எனக்கு நெஞ்சை அடைக்குது! காலையில அந்தத் தாடிக்காரனைக் கூட ஒரு வார்த்தை கேக்காம வந்தேனே, அது யாருக்காகன்னு நெனைச்சே?"

இஸ்திரிக்காரம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது, தோள் குலுங்கியது, கையிலிருந்த டீ புடவையில் கொட்டியது. பெரியவர் குடையைப் பொறுக்கிக்கொண்டே, "கடை இன்னும் தொறந்துதான் இருக்கும், போய் மாத்திக்குங்க" என்று யோசனை சொன்னார். அதே நேரம் பஸ்ஸும் வந்து நின்றது. உள்ளிருந்து ஒரு சின்ன வயசுக் கண்டக்டர், "ஏறுறதுன்னா ஏறுங்கம்மா" என்று கத்தினான்.

"நீ போப்பா, எங்களுக்கு வேலை கெடக்கு!" என்று கண்டக்டரம்மா கத்திய கத்தலில் விசில் அடிக்காமலே வண்டி கிளம்பிவிட்டது.

கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மழையில் நனைந்தபடி திரும்பி வந்த சம்பந்திகளைப் பார்த்துக் கடைக்காரர் பதறிப்போனார். "என்னம்மா, கோழியில ஏதும் குறையா?"

"கோழியில இல்லைங்க" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "குறை எங்ககிட்டதான்."

இந்தத் தடவை விட்டுக் கொடுக்கிற பேச்சே இல்லை. "இந்த மஞ்சளை எடுப்போம்" என்பாள் இவள். "தொப்புள் ஈரமா இருக்கு, கண்ணு தெரியலையா உனக்கு?" என்பாள் அவள். அவள் ஒரு கறுப்பை எடுத்தால் இவள் அதை மல்லாக்கப் போட்டுப் பார்த்து, "எழுந்திருக்கவே சோம்பல்படுது, வேண்டாம்" என்பாள். "பாவம், அதுக்குத் தூக்கம்!" என்று அவள் மல்லுக்கு நிற்பாள். முன்னே தூங்கிய குஞ்சைத் தேடி இவள் தடுப்பு முழுக்கத் துழாவினாள், எல்லாம் ஒன்று போலவே இருந்ததால் அகப்படவில்லை. கடைசியில் ஒரு டஜன் குஞ்சு அட்டைப்பெட்டிக்குள் ஏறியது. வெடக்கோழிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, விலை வித்தியாசத்துக்குத் தீனி மூட்டையைக் கொடுத்தார் கடைக்காரர். "இவ்வளவு சண்டை போட்டு வாங்கினா குஞ்சு நல்லா வரும்" என்று வாழ்த்தியும் அனுப்பினார்.

சாயங்காலம் வேலை முடிந்து மகளும் மருமகனும் ஒன்றாக வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே கச்சேரி கேட்டது.

"பல்பை இன்னும் கீழ எறக்கு! குஞ்சு நடுங்குது!"

"நடுங்கல. எறக்கினா வெந்துடும். சூட்டைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க. பல்புக்குக் கீழ குவிஞ்சா குளிருது, விலகி ஓடினா காந்துது. பாருங்க, பரவலா நிக்குது."

"மூலையில ஒண்ணு தனியா நிக்குதே, அது என்ன?"

"அது உங்க கறுப்பு. வேண்டாம்னு அப்பவே சொன்னேன்!"

மருமகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "போச்சு. அத்தையை அம்மா வெரட்டப் போறாங்க" என்று கிசுகிசுத்தான். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அடுப்படி மூலையில் அட்டைப்பெட்டியின் ரெண்டு பக்கமும் ரெண்டு அம்மாக்களும் தரையில் உட்கார்ந்து, தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். ஒவ்வொரு குஞ்சின் மூக்கையும் தண்ணீரில் ஒரு முறை தொட்டுவிட்டு, அது குடிக்கிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் கீழே விட்டார்கள். மகள் அவன் வாயைப் பொத்தி வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"சும்மா இருங்க. இப்பதான் சம்பந்தி ஆயிருக்காங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

மறுநாள் திங்கட்கிழமை. மழை விட்டு நல்ல வெயில். மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். குஞ்சுகளுக்குத் தண்ணீர் மாற்றக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இஸ்திரிக்காரம்மா எழுந்தபோது போன் அடித்தது. எடுத்தாள். விடுதிதான்.

"என்னம்மா முடிவு பண்ணீங்க? இன்னைக்கே வந்து சேர்ந்துக்கிறீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து வந்தது அந்தக் குரல், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி.

"அடியே! தண்ணி எடுக்கப் போனவ அங்க என்னடி அரட்டை? குஞ்செல்லாம் தொண்டை வறண்டு கத்துது, மகாராணிக்குப் போன் பேச்சு கேக்குதா? வந்தேன்னா தெரியும்!"

இந்த வீட்டுக்கு வந்து ரெண்டு மாசத்தில் அவளை இப்படி யாரும் கூப்பிட்டதில்லை. இஸ்திரிக்காரம்மா கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மன்னிச்சுக்குங்க, என்னால வர முடியாது" என்றாள் போனில். "எங்க வீட்டுல திட்டறாங்க."